மேல்வீட்டுக்கு வந்த மகள்

எண்பத்தேழாம் ஆண்டு ஜூலை முதல் தேதி காலை, பிள்ளையில்லாத ஃபெர்னான் பெல்ரோஸுக்கு முப்பது வயதைக் கடந்த ஒரு மகள் வந்து சேர்ந்தாள். லாரியில் ஒரு மெத்தை, ஒரு ஃபிரிட்ஜ், வாடிய செடிகள் சில கொண்டுவந்தாள். கனடாவின் மொன்றியாலில் வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அன்றைக்கு முடிந்து அன்றைக்கே தொடங்குவதால் நகரமே சாமான்களோடு தெருவில் நிற்கும். ஆகவே இன்னொரு லாரி வந்து நின்றதை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்த வீட்டைக் கட்டியவர் ஃபெர்னானின் தந்தை அடேலார் பெல்ரோஸ். மூன்று தளங்கள், வெளிப்பக்கம் சுழன்றேறும் இரும்புப் படிக்கட்டு. கீழ்வீட்டில் குடும்பம் இருக்கும், மேலே உள்ள இரண்டும் வாடகைக்கு. குளிர் வருவதற்கு முன்பே ஹீட்டர்களைத் திறந்து பார்த்துவிட வேண்டும், குடியிருப்பவர் அழைக்காமல் அவர் கதவைத் தட்டக் கூடாது, வாயால் சொன்னதைக் கையெழுத்திட்டதாகவே கொள்ள வேண்டும் என்பது அடேலாரின் நடைமுறை. வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை இன்றுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் பெல்ரோஸ் குடும்பத்தில் கஞ்சர்கள் இருந்திருக்கிறார்கள், முன்கோபிகளும் இருந்திருக்கிறார்கள். பொய்யை எழுதி அதன் கீழ் பெல்ரோஸ் என்று கையெழுத்திட்டவர் ஃபெர்னானுக்கு முன் யாருமில்லை.

மேல்வீட்டில் தூகா என்ற ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் பல வருடங்களாகத் தனியாகக் குடியிருந்தார். வாடகை பழையது, மனிதர் ஒழுங்கானவர், ஃபெர்னான் அவரை 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் அழைப்பான். அவரை வீட்டை விட்டு எழுப்பிவிட்டு, சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, இரண்டு பங்கு வாடகைக்கு விட ஃபெர்னான் விரும்பினான். சொந்தப் பிள்ளையோ பெற்றோரோ குடிவருவதாக இருந்தால்தான் அப்படி எழுப்ப முடியும் என்பது சட்டம். கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் அவன் அறிவிப்பு எழுதினான். மகள் மிரேய் ஜூலையில் குடிவருகிறாள் என்று அதில் இருந்தது. பெயர் எப்படித் தோன்றியது என்று அவனுக்கே தெரியாது. அவன் மனைவி ஜினெத் அதைப் படித்துவிட்டு இஸ்திரி போடப் போனாள்.

தூகா காகிதத்தோடு கீழே இறங்கி வந்தார்.

"இருவது கிறிஸ்மஸுக்கு மேல இந்த வீட்ல பாத்துட்டேன், ஃபெர்னான். ஒண்ணுல கூட அந்தப் பொண்ணக் காணோமே?"

"எங்களுக்குள்ள ஒரு சண்டை, முசியே தூகா."

"ஓகோ, சண்டையா. அப்ப ஜூலை ஒண்ணாந்தேதி கரெக்டா சமாதானம் ஆயிடுவீங்க, இல்ல?"

காலி செய்வதாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்ப்பேன், மகள் வராவிட்டால் நீதிமன்றத்துக்கும் போவேன், தெருவுக்கும் சொல்வேன் என்றார். அதை அப்போதே தெருவுக்குச் சொல்லியும்விட்டார். அடேலார் செங்கல் செங்கலாகச் சேர்த்த பெயர் அந்த ஜூலையை நம்பி நின்றது.

ஜூலை முதல் தேதி தூகா தன் சாமான்களை இரண்டு தெரு தள்ளி ஒரு பேஸ்மெண்டில் இறக்கிவிட்டு, எதிர் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பால்கனிகளில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். லாரியிலிருந்து இறங்கிய பெண் நேராகக் கீழ்வீட்டு வாசலுக்கு வந்து, "என்னப்பா, பராக்கு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வந்து ஃபிரிட்ஜ்ல கட்டின பட்டையப் பிடிங்க, கனக்குது" என்றாள். எனக்கு மகள் இல்லை என்று அவன் சொன்னால் எழுதியது பொய்யாகும், பிடித்தால் மேல்வீடு கையை விட்டுப் போகும். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபெர்னான் பட்டையைப் பிடித்தான். தூகா எழுந்து வந்து அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அடேலார் தாடை. அப்படியே இருக்கு" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி, "நான்தான் தப்பா நினைச்சுட்டேன், ஃபெர்னான். மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் படிக்கட்டில் இரண்டு பேரால் ஃபிரிட்ஜ் ஏறாது என்று தெரிந்தவராதலால், கீழ்முனைக்குத் தோள் கொடுத்தார்.

அந்த ஆகஸ்டில் ஃபெர்னானின் தலை நரைத்தது. ஒரு மகளை வளர்க்கும் களைப்பு முழுவதும், காய்ச்சல்கள், பள்ளிக்கூடச் சண்டைகள், பிடிக்காத மாப்பிள்ளைகள் எல்லாம், ஒரே கோடையில் அவன்மீது இறங்கின. ஜினெத் சில வாரங்கள் மிரேயோடு பேசவில்லை. பிறகு அலமாரியில், விளிம்பு தேய்ந்த, ஒரு குழந்தையின் பனிச்சறுக்குக் காலணிகள் கிடைத்தன. ஒரு காலை, இவளைப் பெறப் போகும்போது பனிப்புயலில் டாக்சி கிடைக்காதது நினைவுக்கு வந்து அழுதாள். குடும்பத்து மூத்தவர்கள் கூடி, பெல்ரோஸ் கையெழுத்திட்ட காகிதத்தில் உள்ள பெயர் வந்து நிற்கிறது, ஆகவே அவள் பெல்ரோஸ் என்று முடிவு செய்தோம். சிரித்த ஒரு மைத்துனனை ஈஸ்டர் விருந்துக்கு இரண்டு ஆண்டுகள் அழைக்கவில்லை. மிரேயிடம் வாடகை கேட்க முடியாது. குழாய் ஒழுகுகிறது, ஜன்னலில் பனி கட்டுகிறது என்று வாடகை கொடுப்பவர்களைப்போலவே அவள் குறை சொன்னாள், அவன் ஏறி ஏறிச் சரிசெய்தான்.

இப்படி ஐந்து குளிர்காலங்கள் போனபின் நடுவீடு காலியானது. பார்க்க வந்த தம்பதி இருவரும் ஆசிரியர்கள், கேட்ட வாடகை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். மிரேய் இறங்கி வந்தாள்.

"அத தூகாவுக்குக் குடுங்கப்பா. பழைய வாடகைக்கே."

"முடியாதும்மா."

"அந்த பேஸ்மெண்ட் ஈரத்துல கெடந்து இருமிக்கிட்டு இருக்காரு."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"அப்ப நான் வரவே இல்லன்னு வச்சுக்குங்க" என்றாள். குரலில் கோபமில்லை. படியேறிப் போனாள்.

அந்த வாரம் அலமாரியில் காலணிகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மேல்வீடு காலியா என்று தபால்காரர் கேட்டார். ஜினெத் மூன்று தட்டுகள் வைத்துவிட்டு, மூன்றாவது தட்டு யாருக்கு என்று தெரியாமல் அதன் முன் நின்றாள். வெள்ளிக்கிழமை, "மேல யாரோ இருந்தாங்களே, ஃபெர்னான், யாரு அது?" என்று கேட்டாள். அவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு தூகாவின் பேஸ்மெண்டுக்குக் கிளம்பினான்.

தூகா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். சுவரில் பூஞ்சை ஏறியிருந்தது.

"நடுவீடு காலியா இருக்கு. பழைய வாடகைதான். வந்துடுங்க" என்றான் ஃபெர்னான்.

"என்ன திடீர்னு பாசம்? பொண்ணு திட்டினாளா?"

ஃபெர்னான் நின்றபடியே சொன்னான். "எனக்குப் பொண்ணு கிடையாது, முசியே தூகா. உங்கள எழுப்பறதுக்காகப் பொய் எழுதினேன்."

தூகா இருமி முடித்துவிட்டு அவனைப் பார்த்தார். "ஃபிரிட்ஜத் தூக்கினது நான். இன்னும் முதுகு வலிக்குது. எங்கிட்ட வந்து பொண்ணு இல்லங்கிற. போய்யா, போய் பெயிண்ட் அடி, வரேன்."

தூகா குடிவந்த அன்று மத்தியானம் மேல்வீட்டில் நடமாட்டம் கேட்டது. ஜினெத் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மிரேய்க்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். இலையுதிர்காலத்தில் தூகா கீழே வந்து, தலைக்கு மேல் குதிரை நடப்பதுபோல் இருக்கிறது, தூங்க முடியவில்லை, வீட்டுக்காரர் என்ற முறையில் ஏதாவது செய்ய வேண்டும் என்று முறையிட்டார். ஃபெர்னான் மேல்வீட்டுக்கு ஒரு கம்பளம் வாங்கிப் போட்டான். பலனில்லை. பெல்ரோஸ் குடும்பத்தார் எல்லோருமே குதிகாலை அழுத்தி நடப்பவர்கள்.