பாதியாகக் குறைந்த சைக்கிள்கள்

ஆறு மாதமாகத் தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போன யாரும் தப்பியதில்லை. கையை விரித்து நிற்கிறவன் எங்கே ஓடுவான்? "என் பொண்ணு பன்னாட்டுப் பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையத்துல பயிற்சியில இருக்கா" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அளவையே குறிப்பார். கடைசி ஒரு மாதமாகச் செய்தி இன்னும் நீண்டிருந்தது. வெளிநாட்டுச் சைக்கிளுக்கு வரியை ஏற்றியதும் இறக்குமதி பாதியாகக் குறைந்துவிட்டது என்று மகள் கண்டுபிடித்தாளாம். மையம் அதை அறிக்கையாக வெளியிட்டதாம். பக்கத்து நாட்டு அமைச்சகமே அதைக் கேட்டு வாங்கியதாம்.

பயிற்சியின் கடைசி நாளன்று நான்கு பயிற்சியாளர்களும் மேடையேறித் தங்கள் ஆய்வை விளக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கு அங்கேயே வேலை. வீட்டிலிருந்து ஒருவர் வந்து பார்க்கலாம் என்றதும் தையல்காரர் தனக்குப் புதுச் சட்டையே தைத்துப் போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மகள் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். அது மேட்டிலிருந்து பள்ளத்தில் விழுவதுபோல் சரிந்தது.

"நம்ம பொண்ணுதான்" என்றார், பக்கத்து நாற்காலி அம்மாளிடம். அந்த அம்மாளின் மகன் அடுத்துப் பேச வேண்டியவன்.

"இந்தக் கோடு தப்பு" என்றாள் மகள்.

தையல்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"சுங்கத்துல ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எண் உண்டு. வரி ஏத்துன அதே வருஷம், மோட்டார் வச்ச சைக்கிளைப் பிரிச்சுத் தனி எண் கொடுத்துட்டாங்க. நான் பழைய எண்ணை மட்டும் பார்த்துட்டேன். காணாமப் போன சைக்கிள் அநேகமா எல்லாம் புது எண்ணுல இருக்கு. ரெண்டையும் கூட்டினா நூத்துக்கு நாலுதான் குறைஞ்சிருக்கு."

முன்வரிசையில் தலைமை ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எப்போ பார்த்தே?"

"நேத்து சாயந்திரம் மேடம். மெயில் போட்டேன். நீங்க விமானத்துல இருந்தீங்க."

"தனியா வந்து சொல்லியிருக்கலாமே. இன்னிக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறோம்னு தெரியும்ல?"

"தெரியும். ஆனா தப்புன்னு தெரிஞ்சும் இதையே காட்டிப் பேச எனக்கு வாய் வரல. இதை நம்பிப் பக்கத்து நாட்டுலயும் வரி போட்டா, சைக்கிள் விலைதான் ஏறும்."

தலைமை ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். "ரெண்டு தடவை படிச்சுட்டுதான் நான் ஒப்புதல் கொடுத்தேன். என் கண்ணுலயும் படல" என்று மட்டும் சொன்னார்.

"ஐயோ பாவம், வேலை போச்சே" என்று அந்த அம்மாள் முணுமுணுத்தார்.

"போனா போகட்டும்மா" என்றார் தையல்காரர். அப்படிச் சொல்வோம் என்று அவரே நினைக்கவில்லை. "இத்தனை பேருக்கு முன்னால சொன்னாளே, குரல் நடுங்குச்சா பாருங்க."

"கொஞ்சம் நடுங்குச்சுங்க."

"நடுங்கியும் சொன்னா பாருங்க!"

இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. மகள் மேடையிலிருந்தே கண்ணால் அதட்டினாள். அவர் அசரவில்லை, நெஞ்சை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தார்.

மற்ற மூவரும் பேசி முடித்த பிறகு, தலைமை ஆய்வாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். தையல்காரர் தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கதவு திறந்தது. மகளின் மூக்கு சிவந்திருந்தது.

"என்னம்மா, திட்டினாங்களா?"

"திட்டினாங்க. சரக்கு எண்ணை முதல் நாளே சரிபார்க்க வேண்டாமான்னு." மூக்கை உறிஞ்சினாள். "வேலையும் எனக்குத்தான்ப்பா."

தையல்காரர் புதுச் சட்டையின் கையாலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டார்.

"முதல் வேலை என்ன தெரியுமா? அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கணும். தப்பு நடந்துபோச்சுன்னு அமைச்சகத்துக்கு நானே எழுதணும். மேடமும் கையெழுத்துப் போடறாங்களாம்."

"யாரு கையெழுத்து முதல்ல?"

"என்னோடதுதான். பெருமையா பேசற விஷயமாப்பா இது?"

"பின்னே?" என்றார் அப்பா. "ஒரு நாட்டையே தப்பான வரி போடாம நிறுத்தி வைக்கப் போறே. நல்லா அழுத்திப் போடும்மா கையெழுத்தை!"