இரு கண்ணுக்கு இரு நிறம்

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு பிற்பகலில், கீழைக் கடலின் காற்று, நேர்கோடாய் ஓடும் புதுச்சேரித் தெருக்களுக்குள் தடையின்றிப் புகுந்து, வெள்ளைச் சுவர்களில் வழிந்த நீரை உலர்த்தி, பெரிய வாய்க்காலைத் தாண்டி, கடைத்தெருவின் மீன்மணத்தையும் மல்லிகை மணத்தையும் ஒருங்கே வாரிக்கொண்டு மேற்கே சாரம் என்னும் பகுதி வரை வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. சாரத்துச் சந்தொன்றில், தகரக் கூரையின் கீழ் உலைமுன் அமர்ந்திருந்த கோவிந்தராசுவுக்கோ அந்தக் குளிர்காற்றிலும் வியர்த்துக் கொட்டியது. அவ்வியர்வை உலையால் வந்ததன்று, அச்சத்தால் வந்தது.

அவர் யாரென்று கேட்பீராயின் சொல்கிறேன், படிப்பவரே. வேட்டைக் கத்தி அடிப்பவர். பழைய சரக்குந்துகளின் அடியிலிருந்து கழற்றிய வில்பட்டைகளைக் குவித்துப் போட்டு, ஒவ்வொன்றையும் சாணையில் உரசி, தெறிக்கும் பொறி பூவாய் விரிந்தால் எடுத்து வைத்தும், வெறுங்கோடாய் ஓடினால் தூக்கி எறிந்தும் அவர் எஃகு தெரிந்தெடுப்பதைப் பார்த்தால், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் தகப்பன்கூட அத்தனை குறை சொல்லமாட்டான் என்று தோன்றும். அப்படித் தேர்ந்ததைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, எண்ணெயில் தோய்த்தால் எஃகு இறுகிவிடும். அந்நிலையிலேயே விட்டாலோ கண்ணாடியாய் உடையும். ஆகவே மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டவேண்டும்; வாட்ட வாட்ட, வெளிறிய அலகில் மஞ்சள் ஏறி, வைக்கோல் நிறமாய் முதிரும் நொடியில் எடுத்துவிடவேண்டும். அந்த நொடியை அறிய அவரிடம் கண்ணைத் தவிர வேறு கருவி இல்லை.

அந்தக் கண்ணில்தான் கோளாறு! ஆண்டுக்கணக்காய்ப் புரை படர்ந்தும் பொருட்படுத்தாது உழைத்தவர், மனைவி ஆதிலட்சுமியின் நச்சரிப்புத் தாங்காமல் சென்ற மாதம் வலக்கண்ணில் மட்டும் அறுவை செய்துகொண்டார். ஓய்வு முடிந்து இன்றுதான் உலை மூட்டி, அரிவாள்மணை அலகொன்றை வாட்டினார். நிறம் வந்துவிட்டதென்று குறட்டால் தூக்கியவர், புகை உறுத்திய இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மஞ்சளைக் காணோம். வலக்கண்ணைப் பொத்தினார், மஞ்சள் இருந்தது.

“ஏ ஆதிலட்சுமி, இங்க வந்து இத பாரு. என்னா நெறம் இது?”

“நெறமா? ஒண்ணுங் காணோமே, வெள்ளையாத்தான கெடக்குது. அது கெடக்கட்டும், ஏன் ஒங்க மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சி?”

அவர் அலகைக் கீழே வைத்தார். இத்தனை காலமும் புரையல்லவோ தன் மஞ்சளை எஃகின்மேல் பூசிக் காட்டியிருக்கிறது! வாடாத அலகை வாடியதென்று நம்பி எடுத்தாரே, அறுவைக்கு முன்பு கடைசியாக அடித்த வேட்டைக் கத்தி, அது அரிகிருஷ்ணனிடம் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று, ஊராரால் ‘சொல்தா’, அதாவது சிப்பாய், என்று அழைக்கப்படும் அந்த அரியாங்குப்பத்துக்காரர், ஆண்டுதோறும் ஊர் வந்து திரும்புகையில் கோவிந்தராசுவின் கத்தியொன்றைக் கொண்டுபோவார். அங்கே பிரான்சில், நாய்கள் வளைத்து நிறுத்திய காட்டுப்பன்றியை நெருங்கி நின்று கத்தியால் குத்தி முடிப்பது அவர் வழக்கமாம். குத்தும்போது கத்தி ஒடிந்தால்? இன்றிரவு சென்னையில் அவருக்கு வானூர்தி; மாலைக்குள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார். கோவிந்தராசு சட்டையைக்கூட மாட்டாமல் மிதிவண்டியை எடுத்தார்.

மரப்பாலத்தில் பேருந்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. முருங்கப்பாக்கத்துச் சேற்றில் சக்கரம் புதைந்தது. ஆற்றுப்பாலத்தின்மேல் எதிரே வந்த ஒவ்வொரு மகிழுந்துக்குள்ளும் அரிகிருஷ்ணன் போய்க்கொண்டிருப்பதாகவே பட்டது. பன்றியின் கோரைப்பல்லும் அந்த மனிதரின் வயிறும் கண்முன் வந்து வந்து போயின. போய்ச் சேர்ந்தபோது பெட்டிகள் வாசலுக்கு வந்திருந்தன, ஆள் போகவில்லை. அப்பாடா என்று மூச்சு விடவும் அவருக்கு நேரமில்லை.

“தம்பி, அந்தக் கத்திய எடு. ஏன்னு கேக்காத.”

அரிகிருஷ்ணன் வியப்போடு பெட்டியைத் திறந்து எடுத்துத் தந்தார். கோவிந்தராசு முனையைக் கதவிடுக்கில் செருகி, பிடியைப் பற்றி மெல்ல வளைத்தார். நல்ல கத்தியானால் வளைந்து நிமிரும். இது வளையவே இல்லை. சடக்கென்று இரண்டாய் ஒடிந்தது. தன் பெயரும் அதனோடு போயிற்றென்று உணர்ந்தும், ஓர் உயிர் தப்பியதென்ற நிறைவில் கிழவரின் கண்கள் பொங்கின.

“தப்பு எம்மேலதான் தம்பி. கண்ணு ஏமாத்திடிச்சி. நல்லவேள, நீ இத காட்டுக்கு எடுத்துனு போவல.”

அரிகிருஷ்ணன் திடுக்கிடவில்லை. அதுதான் கோவிந்தராசுவைக் கலக்கியது.

“ஒக்காருண்ணே. முன்ன குடுத்தியே ஒண்ணு, அதுவும் பன்னியக் குத்தறப்ப ஒடஞ்சிதான் போச்சி, கையையும் கிழிச்சிடிச்சி.” வலக்கையை விரித்துக் காட்டினார். கடைசி விரல்கள் இரண்டும் மடங்காமல் விறைத்து நின்றன. “வண்டிக் கதவுல நசுங்கிச்சின்னு ஒங்கிட்ட சொன்னேன். நெசத்தச் சொன்னா நீ மனசு ஒடஞ்சிப் பூடுவன்னு சொல்லல.”

“பின்ன எதுக்குடா மறுபடியும் அடிக்கச் சொன்ன?”

“கேக்கலன்னா ஏன் கேக்கலன்னு யோசிப்பியேண்ணே. வேட்டைக்கு அந்த ஊருலயே ஒண்ணு வாங்கிக்கினேன். ஒன்னுது செவுத்துல மாட்டி வெக்க.”

மாற்றான் ஒருவன் முகத்தில் உமிழ்ந்திருந்தாலும் கோவிந்தராசு அவ்வளவு துவண்டிருக்கமாட்டார். அந்த விறைத்த விரல்களைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அன்றே சொல்லியிருந்தால் அன்றே கண்ணைக் காட்டியிருப்பார். அதன்பின் அடித்த கத்திகள் எத்தனையோ கைகளுக்குப் போயிருக்கமாட்டா.

“இன்னும் யார் யாரு தம்பி, எம்மனசு நோவக்கூடாதுன்னு வாயப் பொத்திக்கினு கீறாங்க?”

அரிகிருஷ்ணன் தலைகுனிந்தார். வாசலில் வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. ஒருவன் பிழையை அவன்மேல் கொண்ட அன்பினாலேயே எல்லாரும் அவனிடமிருந்து மறைத்துவிடுவராயின், அவனுக்கும் அவனை நம்பினோர்க்கும் அவ்வன்பினும் பெரிய பகை வேறில்லை.