துரைசானி வீட்டுப் பிரசவங்கள்

கால்வாய்க்குக் கிழக்கே, கடல் இரைச்சல் எட்டும் தூரத்தில், சுண்ணாம்பு உதிர்ந்த பழைய மாடி வீடு ஒன்றை 1935ஆம் வருஷம் பிரெஞ்சு சர்க்கார் பிரசவ விடுதியாக மாற்றியது. ஆறு கட்டில், வெந்நீர் அண்டா, கண்ணாடி பீரோ எல்லாம் வந்து இறங்கின. பதினாலு வருஷம் வெளியூர்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை எடுத்த ஆனந்தமேரியைப் பொறுப்பில் வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள்தான் வரவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அது துரைசானி வீடு. நூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பிரெஞ்சுக் கப்பல் கேப்டன் அங்கே குடியிருந்தானாம். அவன் கடலில் இருந்த நேரத்தில் அவன் பெண்சாதிக்கு வலி கண்டு, துணைக்கு ஆளில்லாமல் மாடி அறையில் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாளாம். அன்று தொட்டுப் பொழுது சாய்ந்தால் படிக்கட்டில் கவுன் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும், பிள்ளை அழும், கர்ப்பிணி யாராவது அந்த வாசல் மிதித்தால் அவள் பிள்ளையைத் துரைசானி எடுத்துக்கொள்வாள் என்றார்கள்.

இந்தக் கதையைக் காவல்காரன் அம்மாவாசை சொல்லித்தான் ஆனந்தமேரிக்கே தெரியும்.

"நீ பாத்தியா அம்மாவாச?"

"பாத்ததில்லம்மா. சத்தம் கேட்டுருக்கேன்."

அவள் அன்று சாயங்காலமே மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கடல் காற்று எழுந்ததும் சத்தம் வந்தது. மேல் சன்னலில் கீல் கழன்ற பலகைக் கதவு ஒன்று சுவரில் உரசிக்கொண்டிருந்தது. மறுநாள் தச்சனைக் கூட்டிவந்து அதை முடுக்கினாள். சத்தம் நின்றது. அம்மாவாசையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவன் வெகுநேரம் காது கொடுத்துவிட்டு, "இது நல்லதுக்கில்லம்மா. முன்னெல்லாம் எங்க நடக்குறாங்கன்னாவது தெரியும்" என்றான்.

பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிக்கச் சொன்னாள். அவர் வந்து ஆறு கட்டிலுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். மறுநாள் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது. "பேய் இல்லன்னா சாமியாரு எதுக்குடி வர்றாரு?" ஆனந்தமேரி மீனை வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

ஏழு மாசத்தில் இரண்டே பிரசவம். அந்த இரண்டு பேரும் ஊர்க்கதை தெரியாத காரைக்கால்காரிகள். அதே ஏழு மாசத்தில், கூப்பிட்டால் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், நாலு பெண்கள் வீட்டு இருட்டறையில் பிள்ளைப்பேற்றில் போனார்கள். ஒவ்வொரு தடவையும் துக்க மணி அடிக்கும்போது, விரித்து விரித்துக் கசங்காமலே மடிக்கும் வெள்ளைத் துப்பட்டிகளை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியாது. பாஸ்காப் பண்டிகைக்குள், அதாவது ஈஸ்டருக்குள், ஆள் சேராவிட்டால் விடுதியை மூடிவிடுவதாக மேலிடத்திலிருந்து காகிதம் வேறு வந்தது.

அவளுடைய பெரியம்மா மகன் அமலநாதன் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் ஆபீசில் எழுத்தர். அவனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தத் துரைசானி எப்ப செத்தா, எங்க பொதச்சாங்கன்னு தேடிக் குடு."

மூன்று வாரம் தூசியில் தும்மித் தும்மித் தேடி அவன் கண்டுபிடித்தது வேறு. கேப்டன் இருந்தது நிஜம். அவன் பெண்சாதி அந்த வீட்டிலேயே ஆண்பிள்ளை பெற்றிருக்கிறாள். பிள்ளைக்கு மூன்று வயதானபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷனோடு கப்பலேறியிருக்கிறாள்.

"ஊருல அவ சாவவே இல்ல மேரி. நல்லா தெம்பாத்தான் ஏறிப் போயிருக்கா."

நகல் எழுதி வாங்கிக்கொண்டு அவள் ஓடாத குறையாக வந்தாள். அம்மாவாசையை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அவன் கேட்டுக் கண் கலங்கிச் சொன்னான்.

"பாவம்மா. அவ்ளோ தூரம் போயி செத்தும், கடல் தாண்டி இங்கயே வந்துட்டாங்க பாருங்க."

ஆனந்தமேரிக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்து அவன் வாயில் திணிக்கலாம் போலிருந்தது. மடித்து மேசைக்குள் வைத்தாள்.

பாஸ்காவுக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள், முற்பகல் பத்து மணி இருக்கும். தேங்காய்த்திட்டிலிருந்து தனக்கொடி என்ற மீன்காரப் பெண் தனியாக நடந்து வந்தாள். வலி கண்டு ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஆனந்தமேரியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "பயமில்லியா ஒனக்கு? இந்த வீட்டப் பத்திக் கேள்விப்படல?"

"கேட்டேம்மா. அதான் வந்தேன். எங்க மாமியா இதுக்குள்ள காலு வெக்காது. ரெண்டு புள்ளைய அதுவே எடுக்குறேன்னு எடுத்து, ரெண்டும் செத்துப் பொறந்துச்சு. இதயாவது நீங்க எடுங்க."

பிள்ளை கால் மாறி இருந்தது. ஆனந்தமேரி கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மூன்று மணி நேரம் அவளுக்கு உலகத்தில் தன் இரண்டு கையும் அந்தப் பெண்ணின் வயிறும் தவிர வேறொன்றும் இல்லை. பொறு என்ற இடத்தில் தனக்கொடி பொறுத்தாள், முக்கு என்ற இடத்தில் முக்கினாள். முதலில் கால், பிறகு இடுப்பு, தோள், கடைசியில் தலை. நீலம் பாரித்துக் கிடந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி, வாயில் வாய் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். பெண் பிள்ளை, ஒருவழியாக வீறிட்டது.

தெருவில் மாமியார் செல்வாம்பாள் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் அவள் வாய் அடங்கிப்போனது. அம்மாவாசை போய் பேத்தி பிறந்திருக்கிறது என்று சொன்னான்.

"எம் பேத்தியா? அது துரைசானி புள்ள அழுவுற சத்தம்யா."

ஆனந்தமேரியே பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். செல்வாம்பாள் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. மாடி சன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தாயீ, ஒம் புள்ளைய எங்களுக்குக் குடுத்துட்டியே."

"நான் எடுத்தேன்" என்றாள் ஆனந்தமேரி. "மூணு மணி நேரம், இந்தக் கையால."

"ஆமாம்மா. அவுங்க ஒங்க கைய புடிச்சிருக்காங்க."

அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் குறைவில்லை. பாஸ்காவுக்குள் ஆறு கட்டிலும் நிரம்பி, தரையில் பாய் விரிக்கவேண்டி வந்தது. துரைசானி செத்த பிள்ளைக்கும் உயிர் கொடுக்கிறாள் என்று பாகூர் வரைக்கும் பேச்சு. மாடி சன்னல் கம்பியில் கண்ணாடி வளையல் கட்டினார்கள். ஆனந்தமேரி கத்தரித்து எறிந்தாள். மறுநாள் இரண்டு மடங்கு தொங்கியது. தனக்கொடி பிள்ளை பெற்ற கட்டில்தான் வேண்டும் என்று பெண்கள் சண்டை போட்டார்கள். விடுதி நன்றாக நடப்பதாக மேலிடம் பாராட்டி எழுதியது. அவள் அதை அமலநாதனிடம் காட்டி, "யாரப் பாராட்டுறாங்கண்ணே?" என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் நோணாங்குப்பத்திலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். தலைப்பிரசவம். நடுவில் தெம்பு விட்டுப்போய், முக்கவே மாட்டேன் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஆனந்தமேரி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள்.

"அவுங்க இருக்காங்களாம்மா? துரைசானி?"

ஆனந்தமேரி சுவரைப் பார்த்தாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்காங்க. ஒன் தலமாட்டுலதான் நிக்கிறாங்க. முக்கு."

பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முக்கினாள். பிள்ளை வந்தது.

எல்லாம் துடைத்து, துணி மாற்றி, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தியபோது அவள் பாதித் தூக்கத்தில் கேட்டாள். "போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. நீ தூங்கு."

வெளியே வந்து தொட்டியில் கை கழுவினாள். கார்பாலிக் சோப்பு கரையக் கரைய, விரல் சிவக்கத் தேய்த்தாள். அம்மாவாசை வாசலில் நின்று, என்ன பிள்ளை என்று கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல், "ஆம்பளப் புள்ள" என்றாள்.