தாரோக்கும் ஓராவும் எங்கள் வீட்டு மூன்றாம் ஓலையும்

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், என் மகள் மெரின் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஓலை என்பது விளையாட்டல்ல. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பங்குக் கோயிலில் எல்லோர் காதிலும் விழும்படி, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று வாசிப்பார்கள். மகள் பெயரோடு என் பெயரும் சேர்ந்து வரும். என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் கிரெஃபியேவாக இருந்தவர். தீர்ப்பை எழுதி வைக்கிற வேலை. எழுதினதை அடித்துத் திருத்துகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. வாசித்த ஓலையை நிறுத்தியவர்கள் என்று எங்களை இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"என்ன காரணம்?" என்று கேட்டேன்.

"தாரோக்" என்றாள்.

எந்தத் தெருப் பையன் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அப்புறம் விளக்கினாள். டிவி தொடரில் வருகிறவனாம். மனிதனே அல்ல, வேறு கிரகத்து ஆள்.

மாப்பிள்ளை குடிக்கிறான் என்று நின்ற கல்யாணம் எனக்குத் தெரியும். பிரான்சில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது என்று நின்ற கல்யாணமும் தெரியும். வேறு கிரகத்து ஆளால் நின்ற கல்யாணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. சாமியாரிடம் போய் எந்த வாயால் சொல்வது?

மாப்பிள்ளை ரெக்ஸ் மூலக்குளத்துப் பையன். தொழிற்சாலையில் இன்ஜினியர். மெரின் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். இரண்டு பேருக்கும் விண்வெளித் தொடர் பைத்தியம். நிச்சயம் ஆன நாளிலிருந்து போனில் அதே பேச்சுதான். தாரோக், ரெக்ஸ் கொண்டாடுகிற ஆள். அவன் ஊரில் பிள்ளைகளுக்கு வயது வந்ததும் மருந்து கொடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுவார்களாம். பூமிக்காரர்களின் கப்பலில் வழி காட்டுகிற வேலை அவனுக்கு. ஓரா, மெரின் கொண்டாடுவது. அது இன்னொரு தொடர். ஏதோ ஒரு சந்திரனில் சுரங்கம் வெட்டுகிறவர்களுக்குப் பம்பு ரிப்பேர் பார்க்கிற இயந்திரம். அதற்கு உணர்ச்சியே வைத்துச் செய்யவில்லை. கடற்கரையில் நடக்கப் போன இடத்தில், இந்த இரண்டில் யார் உசத்தி என்று பேச்சு வந்திருக்கிறது. நான் செய்த கல்யாண ஏற்பாடு அங்கே உடைந்திருக்கிறது.

"ரெண்டுமே கல்லு மாதிரிதான இருக்குதுங்க. இதுல என்னடி உசத்தி?" என்றாள் என் மனைவி ஃபாத்திமா.

"அதான்மா, ரெண்டும் ஒண்ணு இல்ல. அது அவருக்குப் புரியவே இல்ல."

கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். அவள் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அந்த வாரம் முழுவதும் நானே இரண்டு தொடரையும் தமிழ்க் குரலில் போட்டுப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேல் எனக்கு இந்தத் தண்டனை. பக்கத்து வீட்டு சந்திரகலா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன முசியே, ராக்கெட்டு படமா?" என்று சிரித்தாள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழக்கம், எங்கள் ஊரில் ஐயா என்பதற்கு இன்னும் முசியேதான்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தாரோக்கைப் பிடித்திருந்தது. நேராக நிற்கிறான். குரலை உயர்த்துவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். ஓராவோ நின்ற இடத்திலெல்லாம் "இது எதற்கு, அது எதற்கு" என்று ஆட்களைத் துளைத்து எடுக்கிறது. தாரோக்கைப் போல ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் ரெக்ஸையும் அவன் அம்மா ரோசாவையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மறுநாள் மூன்றாம் ஓலை. அதற்குள் முடித்தாக வேண்டும். ரோசா பஃப்ஸ் வாங்கி வந்திருந்தாள்.

"இதுக்கெல்லாம் பஞ்சாயத்தா சம்பந்தி?" என்றாள். "எங்க ரெக்ஸு சின்னதுலேர்ந்தே இப்படித்தான். ஊசி போட்டாக்கூட அழ மாட்டான். டாக்டரே அசந்துடுவாரு."

"அப்ப அந்த டாக்டருக்கே கட்டிக் குடுங்க" என்று மெரின் முணுமுணுத்தாள். ஃபாத்திமா அவள் தொடையைக் கிள்ளினாள்.

ஆளுக்கு ஒரு காட்சி போடச் சொன்னேன். முதலில் ரெக்ஸ் போட்டான். கப்பலில் தீ. சமையல்காரர் செத்துக் கிடக்கிறார். எல்லோரும் அழுகிறார்கள். தாரோக் மட்டும் எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறான்.

"பாத்தீங்களா மாமா, அவனும் உக்காந்து அழுதிருந்தா அத்தனை பேரும் செத்திருப்பாங்க" என்றான் ரெக்ஸ்.

நான் தலையசைத்தேன். நியாயம்தானே.

பிறகு மெரின் போட்டாள். சுரங்கத்தில் ஒரு கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். ஓரா பம்பை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்காருகிறது. எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று அவரிடமே கேட்கிறது.

"இதுல என்ன பிரயோஜனம்? அங்க பம்பு நின்னு தண்ணி ஏறுது" என்றான் ரெக்ஸ்.

"ஏறுது. அப்பவும் உக்காந்திருக்குல்ல?"

"அது மெஷின், மெரின். ப்ரோக்ராம்ல கோளாறு. தாரோக்குக்கு உணர்ச்சி இருந்துது, எடுத்துட்டாங்க, அது இல்லாம வாழக் கத்துக்கிட்டான். இதுக்கு இருந்ததே இல்ல. இல்லாததுக்கு என்ன பெருமை?"

"இல்லாமலே வந்து உக்காருதே, அதுதான் பெருமை. சரி, நான் டெங்கு வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரில கெடந்தேனே, நீ வந்து என்ன பண்ண?"

"மரியாதையா பேசுடி" என்றாள் ஃபாத்திமா.

"ரிப்போர்ட்ட பாத்தேன். பிளேட்லெட் ஏறிட்டிருந்துது. ஏறுதுன்னு உன்கிட்ட சொன்னேன்."

"சொல்லிட்டு கெளம்பிட்ட."

"நான் உக்காந்திருந்தா இன்னும் வேகமா ஏறியிருக்குமா?"

பதில் சரியானதுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், அலட்டிக்கொள்ளாத பையன் என்று ஃபாத்திமாவிடம் நானே அவனைப் புகழ்ந்தேன். இப்போதும் அதில் தப்பு சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவுதானே, சமாதானம் ஆகுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மெரின் முந்திக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு. நாளைக்கி ஓலைய நிறுத்திட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

ரெக்ஸ் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன்தான். யோசித்தே சொன்னான்.

"செரமமாத்தான் இருக்கும். மறுபடியும் மொதல்லேர்ந்து பொண்ணு பாக்கணும்."

ரோசாகூட, "டேய்" என்றாள்.

எனக்குக் காது சூடேறிற்று. கோயிலில் இரண்டு ஞாயிறு என் பெயரோடு சேர்த்து வாசித்த பெண். அவள் போனால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி. செருப்பு அறுந்தால் வேறு செருப்பு வாங்கவேண்டும் என்பது போலச் சொல்லிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக் காப்பியைக் குடிக்கிறான்.

"தம்பி, அந்தத் தீப்பிடிச்ச கதைக்கு அடுத்த வாரக் கதைய பாத்தியா?" என்று கேட்டேன்.

"எத்தனையோ வாட்டி பாத்திருக்கேன் மாமா."

"புது சமையல்காரன் வேணுமான்னு கேப்டன் கேக்கறாரு. தாரோக் என்ன சொல்றான்?"

"தேவையில்லன்னு சொல்றான். எடமும் எரிபொருளும் மிச்சம்னு. நல்ல லாஜிக்."

"கப்பல்ல அத்தனை பேரும் காஞ்ச ரொட்டிய தின்னுக்கிட்டு கெடக்கறாங்க. எரிபொருள் நெறையவே இருக்குன்னு அதுக்கு முன்னாடிதான் அவனே கணக்கு சொன்னான். அப்புறம் ஏன் வேணாங்கறான்?"

ரெக்ஸ் விழித்தான். "கதை எழுதினவங்க கவனிக்காம விட்டிருப்பாங்க."

"உணர்ச்சி இல்லாதவனே ஒரு சமையல்காரன் எடத்துக்கு இன்னொருத்தன வெக்க மாட்டேங்கறான். நீ அந்தத் தொடர ஒழுங்கா பாக்கல தம்பி."

"மாமா, அது வெறும் கதை."

"ஒரு வாரமா இந்த வீட்ல அத யாரும் எங்கிட்ட சொல்லல" என்றேன். "காப்பிய குடிச்சிட்டு கெளம்புங்க."

ரோசா அழுதுகொண்டே போனாள். ஃபாத்திமா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. கல்யாணம் நிற்காமல் காப்பாற்றுவேன் என்று நம்பித்தானே அவர்களைக் கூப்பிடச் சம்மதித்தாள்.

மறுநாள் முதல் பூசைக்கு முன்பே, சாமியார் உடை மாற்றுகிற அறைக்குப் போனேன். உபதேசியார் சூசை அறிவிப்புத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றேன். அவருக்குக் கை நின்றுவிட்டது.

"ரெண்டு ஓலை போயிடுச்சே முசியே. காரணம் கேப்பாரு சாமி. பையன் மேல ஏதாவது?"

பையன் மேல் என்ன குறை சொல்வது? குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை, பொய் சொல்வதில்லை. பெண் மேல் சொன்னால் அவள் பெயர் கெடும். டிவியில் வருகிறவனைச் சொன்னால் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புவார்கள்.

"எனக்கு மனசில்லன்னு போடுங்க."

"உங்களுக்கா? பழி உங்க தலையில விழும் முசியே. அந்தக் கெழவன் வாக்கு மாறிட்டான்னு பேசுவாங்க."

"தெரியும். அப்படியே போடுங்க."

பூசையில் வழக்கம் போல முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. யார் யார் என் முதுகைப் பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. முதுகை வளைக்கவில்லை. பாட்டு வந்ததும் எல்லோரையும் விட உரக்கப் பாடினேன்.

வெளியே கோயில் வாசலில் ரெக்ஸ் நின்றிருந்தான். கோபமாக இல்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

"லாஜிக்கா ஒரு காரணம் சொல்லுங்க மாமா. நான் ஏத்துக்கறேன்."

"கெடையாது தம்பி" என்றேன். பத்துப் பேர் காதில் விழுந்தது. விழட்டும்.

ஃபாத்திமா முன்னால் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். மெரின் என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. இவளால்தான் இத்தனையும்.

"அப்பா" என்றாள். "அப்ப ஓராதான் உசத்தின்னு ஒத்துக்கறீங்கதான?"

"அதெல்லாம் கெடையாது. தாரோக்தான்."

"எப்படிப்பா? அத்தனையும் பாத்தப்புறமுமா?"

"பம்ப விட்டுட்டு வந்து உக்காந்தா சுரங்கத்துல மத்தவன் சாவமாட்டானா? வேல நேரத்துல வேல பாக்கணும்."

"அந்தக் கெழவர் தனியா சாவணுமா?"

"பம்ப பாத்துட்டு வந்து உக்கார வேண்டியதுதான?"

வீடு வந்து சேரும் வரை அவள் விடவில்லை. எதிரே வந்தவர்களெல்லாம் எங்களையே பார்த்தார்கள். கல்யாணம் நின்ற வீட்டில் அப்பனும் மகளும் நடுரோட்டில் எதற்கு இப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டால், அவர்களுக்கு நான் என்ன சொல்வேன்?