மூன்று ஊதா கவுன்கள்

என் தையல் கடைக்குள் வந்த சினிமாக்காரன் ஒருவன் ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தான். எதிர்வீட்டு டீச்சரம்மாவின் மகள், நான் தைத்த ஊதா கவுனில் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே கவுனில் இருந்தபோதுதான் போன வருஷம் கட்டினவனே அவளைக் கொன்றுபோட்டான்.

"நடந்ததை அப்படியே படமா எடுக்கிறோம்க்கா. இதே மாதிரி மூணு வேணும். ரத்தம் பட்டா அடுத்த டேக்குக்கு ஆகாதுல்ல? அவங்க அளவு உங்க நோட்டுல இருக்குமாமே."

"அளவா? உன் வாயை அளந்து தைக்கிறேன், வா!" என்று கத்தரிக்கோலோடு எழுந்தேன். ஓடிவிட்டான். செத்தவளை இன்னும் மூன்று தடவை சாகடிக்க என் நோட்டு வேண்டுமாம், நாசமாய்ப் போறவன்!

நான் மட்டும் என்ன யோக்கியம்? பட்டனுக்குக் காஜா எடுக்கும்போதெல்லாம் என் செல்போனில் உண்மைக் கொலைக் கதைதான் ஓடும். யார் பெற்ற பிள்ளையோ செத்துக் கிடக்கும். நான் "ஐயோ பாவம்" என்றபடியே அடுத்த பாகத்தைத் தட்டுவேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பயப்படுவதில் ஒரு ருசி இருக்கிறது.

அந்த மூன்று கவுனையும் வேறு எவனோ தைத்துக் கொடுத்துவிட்டான். படம் வெளிவந்த அன்று டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரே பாக்கட்டும், என்னால தடுக்க முடியாது. நீ பாக்காதடி. அதைப் பாக்காத ஒருத்திகிட்டயாவது நான் அவளைப் பத்திப் பேசணும்."

சத்தியம் செய்தேன். மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நாலாம் நாள், கவுனை எப்படித் தைத்திருக்கிறான் என்று மட்டும் செல்போனில் பார்ப்போமே என்று ஆரம்பித்து, கடைசிவரை கண் எடுக்கவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம்!

மறுநாள் டீச்சரம்மா கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவதான் அவனைச் சீண்டி விட்டாள்னு காட்டியிருக்காங்களாமே?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "அவனுங்களுக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி! ஜிப் உறுத்துதுன்னு சொன்னதாலதானே முதுகுல பட்டன் வச்சுத் தைச்சேன்? அவனுங்க ஜிப்பை மாட்டி விட்டிருக்கானுங்க!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. டீச்சரம்மா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

"பாத்துட்ட, இல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுல அவ 'அம்மா'ன்னு கூப்பிட்டாளா?"

அந்த நடிகை நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். இந்த முறை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.