ஆள் குடியில்லாத நிலம்

கல் குவாரிக்கு விட்ட நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. ஆனால் அங்கே ஒருவரும் குடியிருக்கக் கூடாது. இந்தச் சட்டம் தெரிந்த நாள் முதல் தம்பிக்குத் தூக்கமில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தின் மூலையில், குவாரிக் குழிக்குப் பக்கத்திலேயே, அக்கா வீடு கட்டிக் குடியிருக்கிறாளே!

வரி அதிகாரி பார்வையிட வரும் நாளன்று காலையிலேயே இரண்டு ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்து நின்றான்.

“கதவை மட்டும் கழட்டிக்கறேன்க்கா. கதவில்லாட்டி இது வீடு இல்ல, கொட்டகைதான். ஒரே நாள். நீ எங்கயாவது போயிட்டு வா.”

“எங்க போறது? உன் மாமியார் வீட்டுக்கா?”

அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குவாரியில் வெடி வைத்துப் பாத்திரம் உருண்டபோதும், சோற்றில் கல் தூசி படிந்தபோதும் வாயைத் திறக்காதவள் அவள். ஆட்கள் கதவின் கீலைப் பிடுங்கியபோது அந்தப் பொறுமையும் சேர்ந்து போயிற்று. வேண்டுமென்றே உலை ஏற்றிவிட்டு, வாசலுக்கு நேராக உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பாழாய்ப்போனவன், என்ன செய்கிறானோ செய்யட்டும்!

அதிகாரி குழியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கே வந்தார்.

“இது என்ன?”

“சாமான் போடுற கொட்டகை சார்.”

“உள்ள சோறு வேகுதே?”

தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். “காவலுக்கு வெச்சிருக்கற பொம்பளை சார். பகல்ல வந்துட்டுப் போயிடுவா.”

அவள் வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“நான் இவன் கூடப் பொறந்தவ சார். அப்பா போனதுக்கப்புறம் இவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கினவ. ராத்திரியும் இங்கதான் படுக்கறேன். இது என் வீடு.”

“ஒரே வாரிசுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க?” அதிகாரி தம்பியைப் பார்த்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “அப்ப உங்களுக்கும் பங்கு இருக்கும்மா. நீங்க இடத்தைக் காலி பண்ணினா உங்களுக்கும் வரி மிச்சம்.”

“அந்த மிச்சம் எனக்கு வேண்டாம். வரி போடுங்க சார். என் பேர்ல போடுங்க.”

“அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பேசு...”

“இப்பதான் அக்காவாடா?”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “பேரைச் சொல்லுங்கம்மா.”

அப்பா பேரையும் சேர்த்து, குழிக்குள் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.