வேலிக்கு இந்தப் பக்கம்

தேங்காய் நார் சிமெண்டுச் சுவரில் உரசுகிறது, நிற்கிறது, மறுபடியும் உரசுகிறது, முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் கணவர் நிற்கிறார், தொட்டியின் விளிம்பில் தாவீது அண்ணாச்சி வாளியோடு குந்தியிருக்கிறார், மார்கழி வெயில் இரண்டு பேர் முதுகிலும் விழுகிறது, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இப்படித்தான் என் கண்ணில் நிற்கிறது, ஆனால் இதில் எதையும் நான் பார்க்கவில்லை, சன்னலின் கீழ்க்கதவு சாத்தியிருந்தது, நான் உள்ளே மேசையில் பதினோராம் வகுப்பின் அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன், வந்தது சத்தம் மட்டும்தான், மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது, அந்த வெயிலைக்கூட நானேதான் போட்டிருக்க வேண்டும். தாவீது அண்ணாச்சி பைப் வேலை பார்ப்பவர், இவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து பின்கட்டுத் தொட்டியைக் கழுவுவார்கள், கழுவுகிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம் அதிகம். ஏல கோமதி, டீச்சர் வீட்டுத் தொட்டியில பாசிகூட வரிசையால்லா படிஞ்சிருக்கு என்று இவரிடம் சொல்கிறார் அண்ணாச்சி, அதுக்கும் அவ மார்க்கு போடுவால என்கிறார் இவர், நான் சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி உள்ளே சிரித்துக்கொள்கிறேன், அந்தச் சிரிப்பு முடிவதற்குள்தானா அல்லது இன்னும் நாலைந்து தாள் கழித்தா தெரியவில்லை, என் கணவரின் குரல் வருகிறது, ரெண்டு நாளா இடது தோள்ல இருந்து கை வரைக்கும் இழுக்குல. டாக்டர்ட்ட காட்டுனியா என்று அண்ணாச்சி கேட்கிறார். காட்டணும். மதினிட்ட சொன்னியா. அவட்ட என்னத்தச் சொல்ல, தலைக்கு மேல பேப்பர் கெடக்கு, முடிக்கட்டும். அவ்வளவுதான், நார் மறுபடி உரசத் தொடங்கியது.

எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், துக்கத்துக்கு வந்த மதுரைச் சித்தியிடம், தலைமையாசிரியையிடம், ஒரு வார்த்த சொல்லலியா அவுக என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்களிடம், ஆனால் கேட்டது, ஒவ்வொரு சொல்லும் கேட்டது, பேனா ஒரு கணம் நின்றது, இன்னும் பதினாறு தாள் இருக்கிறது, மறுநாள் ஒப்படைக்க வேண்டும், முடித்துவிட்டுப் போய்க் கேட்போம் என்று நினைத்தேன். அப்போது கையில் இருந்த கேள்வி நான் இருபத்திரண்டு வருடமாக நடத்துகிற பாடம், தினைப்புனத்துப் பெண் ஒருத்தி தன் தோழியிடம் சொல்கிறாள், கதிர் அறுத்தாயிற்று, நாளையிலிருந்து நம்மைக் காவலுக்கு அனுப்பமாட்டார்கள் என்று, கூடவே கிளி ஓட்டிய தோழிக்கு அது தெரியாதா, தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் அவளை விரும்புகிறவன் வந்து நிற்கிறான், அவன் காதில் விழட்டும் என்றுதான் இவளிடம் சொல்கிறாள், இதைச் சிறைப்புறம் என்பார்கள், வேலிக்கு அப்பால் நிற்பவனுக்காக வேலிக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு. இப்படிப் பேசுவதன் நோக்கம் என்ன என்பது கேள்வி, ஒரு பெண் பாதிப் பக்கம் சரியாக எழுதிவிட்டுக் கடைசியில், தலைவன் இதைக் கேட்டான், ஆனாலும் அவன் வரவில்லை என்று எழுதியிருந்தாள், அதை அடிக்கோடிட்டு, பாடலில் இல்லாததை எழுதக் கூடாது என்று ஓரத்தில் குறித்து ஒரு மதிப்பெண் குறைத்தேன். அந்தத் தாள் அவர் பேச்சுக்கு முன்பு வந்ததா, பின்பு வந்ததா, சில நாட்களில் முன்புதான் என்று தோன்றுகிறது, சில நாட்களில் அவர் குரலும் அந்த வரியும் ஒரே நேரத்தில் வருகின்றன, கேட்டான், வரவில்லை என்பதை அவர் குரலிலேயே வாசிக்கிறேன், விழித்துக்கொண்டால் பள்ளிக்கூட ஓய்வறையில் உட்கார்ந்திருக்கிறேன், மணி அடித்துவிட்டது.

பதினாறையும் முடித்துக் கட்டுப்போட்டுவிட்டு எழுந்தேன், அண்ணாச்சி போய்விட்டிருந்தார், இவர் குளித்து முன்னறைப் பெஞ்சில் படுத்திருந்தார், ஈரத் துண்டு நெஞ்சின் மேல் கிடந்தது, ஏங்க, கை வலிக்குன்னு சொன்னீங்களே என்று கேட்டுக்கொண்டேதான் பக்கத்தில் போனேன், கேட்டுக்கொண்டே தோளைத் தொட்டேன். ஆட்டோவில் கொண்டுபோனபோது மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் முந்தியே போயிட்டாங்கம்மா என்றார், அரை மணி நேரம் என்றால் ஐந்து தாள் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு அதுதான், அதை என்ன செய்ய. பதினாறுநாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு பகலில் வெள்ளைத்தாள் எடுத்து அவர் சொன்னதை அடி அடியாகப் பிரித்து எழுதினேன், நாலடி வந்தது, கீழே பிள்ளைகள் நயம் பாராட்டும்போது போடுகிற தலைப்புகளைப் போட்டேன், எதுகை இல்லை, மோனை இல்லை, உவமை இல்லை, சுவை என்ற இடத்தில் எட்டில் எதை எழுதுவதென்று தெரியவில்லை, அவர் குரலில் அச்சம் இல்லை, அழுகை இல்லை, குழாயில் வாஷர் போய்விட்டது என்பதைப்போலத்தான் சொன்னார், திரண்ட கருத்து மட்டும் ஒரு வரியில் அடங்கியது, என் கணவருக்குக் கை வலித்தது. யார் யாரிடம் சொன்னது என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது, கணவன் கூட்டாளியிடம் சொன்னது என்று எழுதினேன், அடித்தேன், மனைவி சன்னலுக்கு அப்பால் இருக்கக் கணவன் கூட்டாளியிடம் சொன்னது என்று எழுதினேன், அதையும் அடித்தேன். முடிக்கட்டும் என்றாரே, அது என்னிடம் மறைத்ததா, இல்லை, பேப்பரா நானா பார்ப்போம் என்று என்னிடம் கேட்டதா. அவர் மோட்டார் பட்டறைக்காரர், செம்புக்கம்பி சுற்றியவர், பாட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிடலாம், தள்ள முடியவில்லை, ஏனென்றால் முன்பு ஒருநாள் நான் இதே பாடத்துக்குக் குறிப்பு எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து கடலை தின்றபடி கேட்டார், ஏன் இப்படிச் சுத்தி வளைக்கா, அவளுக்கு வாய் இல்லயா. நேராகக் கேட்டு அவன் முகம் மாறிவிட்டால் தாங்கமாட்டாள், இப்படியென்றால் கேட்டமாதிரியும் இருக்கும், கேட்காதமாதிரியும் இருக்கும் என்றேன். அப்ப அவனுக்குக் காது மந்தம்னா என்ன செய்வா என்றார், இரண்டு பேரும் சிரித்தோம், கடலைத்தோல் குறிப்பேட்டில் விழுந்தது. அதன் பிறகு அவருக்கு அது பழக்கமாகிவிட்டது, குழம்பில் உப்பு இல்லை என்றால் என்னிடம் சொல்லமாட்டார், மதிலில் உட்கார்ந்திருக்கும் பூனையிடம், இன்னைக்கு நம்ம வீட்ல உப்புக்கு லீவு போல என்பார், நான் எழுந்துபோய் உப்பை எடுத்து வருவேன், உப்புக்கு எழுந்தவள்தான் நான்.

பங்குனியில் தாவீது அண்ணாச்சி தானாகவே வந்தார், மூணு மாசம் ஆச்சுலா மதினி, பாசி பிடிச்சிருக்கும் என்று சொல்லி வாளியையும் நாரையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார், ஆண்டுத் தேர்வுத் தாள்கள் மேசையில் கிடந்தன, நான் அவற்றைத் தொடாமல் பின்னாலேயே போய் நின்றேன், அண்ணாச்சி, அன்னைக்கு நான் சன்னல் பக்கத்துல இருந்தது அவுகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. தொட்டிக்குள் இறங்கி நின்று நாரைப் பிழிந்துகொண்டே, தெரியும் மதினி, அவன்தான என்கிட்ட சொன்னான், மெள்ளப் பேசுல, அவ சன்னல்கிட்டதான் இருந்து திருத்துதான்னு என்றார். எனக்குள் ஏதோ இறங்கியது, அப்படியென்றால் மறைக்கத்தான் பார்த்திருக்கிறார், என் காதுக்கு வரக்கூடாது என்றுதான் நினைத்திருக்கிறார், ஒரு கணம் மூச்சு லேசாகக்கூட வந்தது, அதோடு விட்டிருக்கலாம், விடாமல் கேட்டேன், அப்ப அவுக மெள்ளப் பேசுனாகளா. அண்ணாச்சி நாரை மறுபடி பிழிந்தார், அதில் தண்ணீரே இல்லை. இல்ல மதினி, என்னயத்தான் மெள்ளப் பேசச் சொன்னான், அவன் மெள்ளப் பேசல என்றார், உடனே அவசரமாக, தொட்டிக்குள்ள நின்னா யாரு பேசுனாலும் சத்தம் கூடத்தான கேக்கும், இந்தா இப்ப நான் பேசுதது முழங்குதுல்லா என்றார். அப்ப அவுக உள்ளயா நின்னாக. உள்ளதான் நின்னான், இல்ல, மேல ஏறி டீ குடிச்சிக்கிட்டு இருந்தானோ, சரியா நெனவில்ல மதினி, எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன், ஒரு தடவ உள்ள நிக்கான், ஒரு தடவ வெளிய நிக்கான். பிறகு நாரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஒண்ணு கேக்கவா, உங்களுக்குக் கேட்டுதா மதினி. இப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, என் கணவர் சொன்னாரா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

நார் உரசுகிறது, நிற்கிறது, பேனா மூடியைத் திறக்கிறேன், முதல் தாளில் பதிவெண் சுழிக்கிறேன், கேட்டவன் என்ன செய்தான் என்று நான் நடத்திய எந்தப் பாட்டிலும் இல்லை, அவள் பேச்சோடு பாட்டு முடிந்துவிடும், அவன் வேலியைச் சுற்றி வந்தான் என்று நாங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், வந்தானா, வந்திருப்பான், வருவதற்கென்றுதானே அவ்வளவும், உரசும் சத்தத்தில் இப்போது இரண்டு கைகள் இருப்பதுபோல இருக்கிறது, சன்னலைத் திறந்தால் இரண்டு முதுகு தெரியும்போல இருக்கிறது, திறக்கவில்லை. வெளியே குரல், இந்தக் காலு ரெண்டும் விட்டுப்போச்சுப்பா, முந்தி மாதிரி குனிய முடியல, அண்ணாச்சி தனக்குத்தானே முனகுகிறார், அல்லது அருகில் இல்லாத கூட்டாளியிடம் சொல்கிறார், முனகல்தான், ஆனாலும் தொட்டிக்குள்ளிருந்து முழங்கி வருகிறது. பேனாவை மூடாமலே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். என்ன மதினி, நான் கூப்புடலியே என்றார் அவர், தொட்டிக்குள்ளிருந்து நிமிர்ந்து. கேட்டுச்சு அண்ணாச்சி என்றேன். அன்னைக்கும் கேட்டுச்சு என்றேன். அவர் விளிம்பைப் பிடித்து மெதுவாக ஏறி வெளியே வந்தார், ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார், கவிழ்ந்து கிடந்த வாளியைக் காட்டி, இருங்க மதினி என்றார், உட்கார்ந்தேன், வெயில் முதுகில் விழுந்தது, வரும்போது எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது, என் மேசையிலிருந்து பின்வாசலுக்கு ஒன்பது காலடி, அன்றைக்கும் ஒன்பதுதான்.